பஞ்சாலையின் வலது கை

பஞ்சாலைக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. ஆனால் அவளைக் கேட்டால் இருக்கிறது என்பாள். இருக்கிறது, இறுக மூடிக்கொண்டிருக்கிறது, நகமெல்லாம் உள்ளங்கையில் குத்துகிறது, திற என்றால் திறக்கமாட்டேன் என்கிறது. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதும் மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கத்து அந்தச் செம்பனைத் தோட்டத்தில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்கள் மூக்கில் விரலை வைத்தன. புருஷன் போனதில் புத்தி பிசகிவிட்டது என்றது ஒரு வாய். கோயிலில் மந்திரித்துக் கையில் கயிறு கட்டு என்றது இன்னொரு வாய். எந்தக் கையில் கட்டுவதாம்? வேலைவெட்டி இல்லாத வாய்களுக்கு அதெல்லாம் கவலையா என்ன. இல்லாத கை வலிப்பது உலகத்தில் நடக்காத அதிசயம் இல்லை. வெட்டி எடுத்த பிறகும் கை அங்கேயே இருப்பதாக மூளை நம்பிக்கொண்டிருக்கும், வலியையும் அதுவே உண்டாக்கும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள்.

அந்தக் கை திறக்கவேண்டும். பஞ்சாலைக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆறுதல் வேண்டாம், அனுதாபம் வேண்டாம், சோறுகூட அப்புறம்தான். மூடிய விரல்கள் விரிந்துவிட்டால் போதும்.

அதே தோட்டத்தில் பிறந்தவள் அவள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே ரப்பர் மரம். பிறகு அதையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். மரம் மாறியதும் மனுஷர்களும் மாறினார்கள். இளசுகள் சிரம்பானுக்கும் மந்தினுக்கும் போய்விட்டார்கள், காலியான லயத்து வரிசை வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள் வந்து குடியேறினார்கள். பஞ்சாலை எங்கும் போகவில்லை. போகலாமா என்று அவளை யாரும் கேட்கவுமில்லை. குலையை அறுத்துத் தள்ளும்போது சிதறுகிற உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவது அவள் வேலை. குனிந்தால் ஒரு வரிசை முடியும்வரை நிமிரமாட்டாள். வலது கை பொறுக்கும், இடது கை சாக்கைப் பிடிக்கும். அவள் போன இடத்தில் கோழி வந்து கிளறினாலும் ஒரு பழம் அகப்படாது என்று வேலை மேய்க்கிற மண்டோர் கேலியாகச் சொல்வார். அதற்கும் சிரிக்கமாட்டாள், அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவாள்.

புருஷன் முருகையா டிராக்டர் ஓட்டினார். பிள்ளை இல்லை. சண்டை போடுவதற்குக்கூட வாயைத் திறக்காத ஜோடி என்று லயத்தில் பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் மோட்டர் சைக்கிளில் லுக்குட் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவார்கள். நம் ஊர் மோட்டர்காரர்கள் பலரையும்போல முருகையாவும் ஜாக்கெட்டை முன்பின் மாற்றித்தான் மாட்டுவார். காற்று நெஞ்சில் அடிக்காது, முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும். பஞ்சாலை ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் இருக்கும் பையை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையால் அந்தத் திறந்த ஓரத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். ஜிப்பின் பல் உள்ளங்கையில் அழுந்தும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் அவரைத் தொட்டது அந்த மட்டும்தான்.

போன வருஷம் மழை விட்ட ஒரு காலையில், லுக்குட்டுக்குப் போகிற வளைவில், ஏதோ ஒரு லாரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்கள் சாலையெல்லாம் கிடந்தன. நசுங்கினால் எண்ணெய்தானே, மோட்டர் வழுக்கியது. பஞ்சாலைக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று. விழும்போது அவள் ஜாக்கெட்டை விடவில்லை. அவரோடும் மோட்டரோடும் இழுபட்டுப்போய்ச் சாலையோரத்து இரும்புத் தடுப்பில் மோதினாள். முருகையா அந்த இடத்திலேயே போய்விட்டார். தடுப்புக்கும் மோட்டருக்கும் நடுவில் நசுங்கிய கையை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும் கை போன சேதியையும் புருஷன் போன சேதியையும் ஒன்றாகச் சொன்னார்கள். அவள் இரண்டுக்கும் தலையாட்டினாள். அழவில்லை. அப்போதும் இல்லை, பிறகும் இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட வாய்போல உள்ளே எல்லாம் மரத்துக் கனத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தால் தன்னுடையதுதான் என்று தெரியும், ஆனால் ஒன்றும் உறைக்காது. பசி தெரியவில்லை. வெயில் தெரியவில்லை. அவளுக்கென்று உணர்ச்சி மிச்சமிருந்தது இல்லாத அந்தக் கையில் மட்டும்தான். அது ஜாக்கெட்டைப் பிடித்த பிடியிலேயே இருந்தது.

முருகையாவின் அக்காள் தனலெட்சுமி பக்கத்து வீடு. புருஷனை இழந்து பல வருஷமானவள். தம்பியை எடுத்த அன்று அவள் போட்ட கூப்பாட்டில் வங்காளதேசத்துப் பையன்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். பஞ்சாலை அப்போது ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாள். கருமக்கிரியைக்குத்தான் வீட்டுக்கு வந்தாள். தனலெட்சுமி சடங்கில் எதையாவது விட்டுவிடுவாளா? மிச்சமிருந்த இடது கையில் பச்சைக் கண்ணாடி வளையலை நிறையப் போட்டு, பூ வைத்து, பொட்டு வைத்து, பிறகு அத்தனை வளையலையும் தன் கையாலேயே உடைத்தாள். யாருக்கோ நடப்பதைப்போல பஞ்சாலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறாளா பார் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

கை மூடிக்கொண்டிருக்கிறது என்று அவள் சொன்னபோது முகம் மாறாமல் கேட்ட முதல் ஆள் நிலானி. சிரம்பான் ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சி கொடுக்கிற பெண். லோபாக்கில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வம்சம், பேச்சில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தனலெட்சுமியின் மகன் வசந்தன் காரில் கொண்டுபோய் விடுவான், தனலெட்சுமி துணைக்கு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

நிலானி மேசை மேல் ஒரு கண்ணாடியை நட்டுக்குத்தாக நிறுத்தினாள். முகம் பார்க்கிற கண்ணாடிதான். வளைவு நெளிவு இல்லாமல் தட்டையாக இருக்கவேண்டும், வேறொரு விசேஷமும் இல்லை. அதன் விளிம்பு பஞ்சாலையின் நெஞ்சுக்கு நேராக வந்தது. வெட்டுப்பட்ட கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது, இடது கை முன்னால் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது. கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னாள். பார்த்தால், கை இல்லாத இடத்தில் ஒரு வலது கை இருந்தது.

இடது கை எப்படி வலது கையாகும் என்று தனலெட்சுமிதான் கேட்டாள். அவளுக்கு எதிலும் ஒரு சந்தேகம். நிலானி சலிக்காமல் சொன்னாள். கையில் பட்ட வெளிச்சம் கண்ணாடிக்கு வருகிறது. எந்தச் சாய்வில் வந்து விழுகிறதோ அதே சாய்வில் திரும்பிக் கண்ணுக்குப் போகிறது, சுவரில் எறிந்த பந்து மாதிரி. நடுவில் அது திரும்பிய கதை கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் என்றால் நேராகத்தான் வரும் என்று நம்புவது கண்ணின் பழக்கம். ஆகவே, வந்த வழியை அப்படியே பின்னால் நீட்டிப் பார்த்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் கை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறது. முன்னால் ஒரு சாண் தள்ளியிருந்தால் பின்னாலும் ஒரு சாண் தள்ளி. கண்ணாடியை ஒட்டியிருக்கிற கட்டைவிரல் உள்ளேயும் கண்ணாடியை ஒட்டியே இருக்கும், சுண்டுவிரல் உள்ளேயும் தள்ளியே இருக்கும். கவிழ்த்த கையில் கட்டைவிரல் இடப்பக்கம் வந்தால் அது வலது கைதானே? அங்கே நிஜத்தில் ஒன்றும் கிடையாது, வெளிச்சம்கூட அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் கண் சொல்வதை மூளை நம்பும். நம்பினால், அந்தக் கை விரிவதைக் காட்டியே மூடிக்கிடக்கிற கையையும் விரிக்கவைக்கலாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன் என்றும் நிலானி சொல்லிவைத்தாள்.

பஞ்சாலை இடது கையை மூடினாள், உள்ளே வலது கை மூடியது. விரித்தாள், விரிந்தது. அவளுடைய கை மட்டும் அசையவில்லை.

"இது என் கை இல்லம்மா," என்றாள்.

பழகப் பழகச் சரியாகும் என்று நிலானி வீட்டிலும் செய்யச் சொன்னாள். வசந்தன் ஒரு கண்ணாடி வாங்கி, விரலை அறுக்காமல் விளிம்பெல்லாம் டேப் ஒட்டிக் கொண்டுவந்தான். வீட்டில் கண்ணாடி என்றால் எதிலாவது சாய்த்துத்தானே வைப்போம்? பஞ்சாலையும் அரிசி டின்னில் சாய்த்துவைத்தாள். உள்ளே இருந்த கை மேசையைத் துளைத்துக்கொண்டு கீழே சரிந்து இறங்கியது. தோளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்த முறை போனபோது நிலானி, கண்ணாடி கொஞ்சம் சாய்ந்தால் உள்ளே இருப்பது அதைப்போல இரண்டு பங்கு சாயும், நிமிர்த்தி வைத்தால்தான் தோளோடு சேரும் என்றாள். பிறகு பஞ்சாலை வீட்டில் அதை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தினாள். கை தோளுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. அப்போதும் அது யாருடைய கையோதான்.

மாதங்கள் போயின. இடது கையால் சோறாக்கக் கற்றுக்கொண்டாள். இடது கையால் பல் துலக்கினாள், கூட்டினாள். தினம் காலையில் கண்ணாடி முன் உட்கார்ந்து மூடினாள், விரித்தாள். வலி வரும்போது பேச்சு நின்றுவிடும். வெட்டுப்பட்ட முனையைக் கதவு நிலையில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள், முகத்தில் ஒன்றும் தெரியாது, நெற்றி மட்டும் வேர்த்துக் கொட்டும். மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கத்தைத்தான் கொடுத்தது. தூக்கத்திலும் கை மூடியே இருந்தது.

ஒரு நாள் நிலானி பாதியில் பயிற்சியை நிறுத்திவிட்டாள். அது தன் கை இல்லை என்று பஞ்சாலைக்கு ஏன் படுகிறது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். இத்தனை நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பஞ்சாலை கண்ணாடிக்குள் பார்த்தாள்.

"இது மொட்டைக் கை," என்றாள். "என் கையில வளையல் இருக்கு."

இருந்தது என்று சொல்லவில்லை, இருக்கு என்றாள். அந்தக் கை போனபோது வளையலோடு போனது. சாலையிலேயே நொறுங்கியிருக்கும், ஆனால் அதை அவள் பார்க்கவில்லை. கருமக்கிரியையில் உடைத்ததெல்லாம் இடது கை வளையல். வலது கைக்கு முருகையா இன்னும் சாகவில்லை.

வழக்கமாக நகையைக் கழற்றத்தான் சொல்வார்கள், இரண்டு கையும் ஒன்றுபோலத் தெரியவேண்டும் என்பதற்காக. நிலானியும் ஆரம்பத்தில் பஞ்சாலையின் வெறுங்கையைப் பார்த்து, நல்லது, கழற்ற ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தாள். இப்போது அதை யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கண்ணாடி முன்னால இருக்கிறதைத்தான் அக்கா காட்டும். இந்தக் கையில வளையல் போட்டாத்தான் அந்தக் கையில வரும்."

தனலெட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் தனலெட்சுமி வெடித்துவிட்டாள். தன் புருஷன் போன நாளிலிருந்து இன்றுவரைக்கும் தான் ஒரு வளையலைத் தொட்டதில்லை என்றாள். தம்பிக்கு வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவன் பெண்டாட்டி கண்ணாடி பார்க்கிறதற்காக வளையல் மாட்டிக்கொள்வதா, லயம் முழுக்க என்ன பேசும் என்றாள். தன் கையால் உடைத்ததைத் தன் கையால் போடச் சொல்லவேண்டாம் என்றாள். தனலெட்சுமியைத் திட்டிவிடலாம், சுலபம்தான். ஆனால் விதவைக்கு வளையல் ஆகாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது யாரும் அவள் வலியைக் கேட்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். பஞ்சாலை வாதாடவில்லை. வாதாடுவதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டும். சரி அண்ணி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு கைக்கு வளையல் போட இன்னொரு கை வேண்டும். இரண்டு கை இருக்கிறவர்களுக்கு இது தோன்றாது. இரும்பு அலமாரியில் அவளுடைய பழைய கண்ணாடி வளையல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. மறுநாள் காலையில் அதை எடுத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வளையலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, விரல்களைக் குவித்து உள்ளே தள்ளினாள். விரல் முட்டி வரைக்கும் போகும், அதற்கு மேல் நகராது. பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்று உடைந்தது, இன்னொன்று உடைந்தது. அடுத்ததைப் பலமாகத் தள்ளியபோது சில்லு மணிக்கட்டுக்கு மேலே கிழித்துவிட்டது.

கோப்பி கொண்டுவந்த தனலெட்சுமி பார்த்தது தரையெல்லாம் சிந்திக்கிடந்த ரத்தத்தை. கோப்பியை வைத்துவிட்டு ஓடிப்போய்த் துணியைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே திட்டினாள். பஞ்சாலை கையை நீட்டியபடி, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கத் தனலெட்சுமிக்குத் திட்டும் வரவில்லை.

"அப்படி என்னத்தத்தான் பிடிச்சிக்கிட்டு இருக்கு அந்தக் கை, விடமாட்டாம?"

"அவரு ஜாக்கெட்ட," என்றாள் பஞ்சாலை. "விழுறப்ப பிடிச்சது அண்ணி. இன்னும் விடல."

தனலெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பிக்காக இந்தப் பெண் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று அவளும்தான் பொருமியிருந்தாள், பேசியவர்களோடு சேர்ந்து பேசியும் இருந்தாள். கை விரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். விரிந்தால் விட்டுவிடுவேன் என்றாள் பஞ்சாலை. வலி தாங்கவில்லை என்பதையும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தனலெட்சுமி எழுந்து குளியலறைக்குப் போய்ச் சவர்க்காரத்தை எடுத்துவந்தாள். காயத்தை ஒதுக்கிவிட்டு, நுரை பூசி, பஞ்சாலையின் முட்டியை அமுக்கி அமுக்கி, ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். டின்னில் உடையாமல் இருந்த பச்சை வளையல் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். கட்டுத்துணி தெரியாமல் வளையல்களை அதன் மேல் இழுத்துவிட்டாள். பிறகு அவளே கண்ணாடியைக் கொண்டுவந்து மேசை மேல் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தினாள்.

பஞ்சாலை உள்ளே பார்த்தாள். வளையல் போட்ட ஒரு வலது கை மேசை மேல் இருந்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பச்சை, அதைத் தாண்டி அவள் தோல், அவள் நகம். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வந்துருச்சு," என்றாள்.

முதலில் இடது கையை இறுக மூடினாள். கண்ணாடிக்குள் இருந்த கை மூடியது. இத்தனை மாதமாக மூடிக்கிடந்த அவளுடைய கையும் இதுவும் ஒன்றாகிவிட்டன. கண்ணால் பார்க்கிற பிடியும் உள்ளங்கையில் உணர்கிற பிடியும் ஒரே பிடி. ஜிப்பின் பல் அங்கேதான் அழுந்தியது. இப்போது மெல்ல விரித்தாள். சுண்டுவிரல் கிளம்பியது. மோதிர விரல். அவளுக்குக் கட்டைவிரல் விரிவது தோள் வரைக்கும் தெரிந்தது. ஜாக்கெட்டுத் துணி உள்ளங்கையை உரசிக்கொண்டு நழுவியது. பிறகு அங்கே துணி இல்லை.

"விட்டுட்டியா?" என்றாள் தனலெட்சுமி.

"விட்டுட்டேன்."

வலி நின்றுவிட்டது. இத்தனை நாள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு இரைச்சல் நின்றுபோனதுபோல வீடே அமைதியாக இருந்தது. வெளியே டிராக்டர் போகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கோப்பி வாசனை தெரிந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் அவள் அந்த நிம்மதியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அவளுக்குப் பயம் வந்தது. இடது கையை மறுபடி இறுக மூடினாள். கண்ணாடிக்குள் கை மூடியது, சொன்னபடி கேட்டது. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கை மூடவில்லை. அங்கே ஒரு கை இருக்கிற உணர்ச்சியே இல்லை. விரித்து, மறுபடி மூடினாள். நகம் பதிய மூடினாள். கட்டின துணியில் ரத்தம் கசிந்தது.

என்ன செய்கிறாய், வலி திரும்பி வந்துவிடப் போகிறது என்று தனலெட்சுமி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"வரட்டும் அண்ணி," என்றாள் பஞ்சாலை. கண் கண்ணாடியை விட்டு அசையவில்லை. "அவரு அதுலதான் இருந்தாரு."

அவள் மூடினாள், விரித்தாள், மூடினாள். வலி வரவில்லை.